ராஸ்பெர்ரி பை 4 வீட்டு சர்வராக: வருஷக்கணக்கில் ஓடவிட்டால் எது போகும், எது நிற்கும்

கையளவு போர்டிலேயே முழுக் கம்ப்யூட்டராக இருக்கும் ராஸ்பெர்ரி பை 4 வெளிவந்தது 2019 ஜூனில். வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் எல்லாமே ஜோராகத்தான் ஓடும். ராத்திரி பகல் அணைக்காமல் வருஷக்கணக்கில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே பேச்சு. போர்டு 4 ஜிபி மாடல். அதில் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல், ஃபைல் பகிரும் சாம்பா, ஃபைல்களை ஒத்திசைக்கும் சிங்க்திங், வீடியோ காட்டும் ஜெல்லிஃபின், யுஎஸ்பியில் ஒரு டிஸ்க். எல்லாம் சேர்த்து 6 வாட் என்று வைத்தால், இரண்டு மாத பில்லில் எட்டரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் அது இருக்கிற இடமே தெரியாது.

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடலாம்: போர்டு போவது அபூர்வம். போவதெல்லாம் அதைச் சுற்றியிருப்பவை. அடாப்டர், மெமரி கார்டு, கேபிள், கடிகாரம். ஆனால் பழி மட்டும் எப்போதும் போர்டின் தலையில் விழும்.

அடாப்டரிலிருந்து தொடங்குவோம், பாதி வியாதிக்கு மூலம் அங்கேதான். பை 4 போர்டுக்குள் வரும் வோல்டேஜ் 4.63க்குக் கீழே இறங்கினால் 'அண்டர் வோல்டேஜ்' என்று குறித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்துவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் போன் சார்ஜரும் மெலிசான கேபிளும் போட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்க்கலாம். கேபிளின் போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்து 0.25 ஓம் ரெசிஸ்டன்ஸ். போர்டும் டிஸ்க்குமாக 1.5 ஆம்பியர் இழுக்கிறது. கேபிளிலேயே 0.375 வோல்ட் தொலைந்துவிடும். சார்ஜர் கச்சிதமாக 5 வோல்ட் கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேருவது 4.62. எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே. அதிகாரப்பூர்வ அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருப்பதும், கேபிள் கழற்ற முடியாமல் அதோடு ஒட்டியே வருவதும் இதனால்தான்.

'லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர் இருக்கிறதே' என்பார்கள். பை 4 அதனிடம் அதிக வோல்டேஜ் கேட்கவே கேட்காது, 5 வோல்ட்டோடு சரி. 65 வாட்டும் வீண். போதாததற்கு 2019இல் வந்த முதல் ரிவிஷன் போர்டில் ஒரு டிசைன் பிழை: யுஎஸ்பி-சி வாயில் சார்ஜரோடு பேசும் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் வைக்காமல் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். சிப் பதித்த விலையுயர்ந்த கேபிளில் சொருகினால், சார்ஜர் இதை ஆடியோ அடாப்டர் என்று நினைத்துக் கரன்ட்டே தராது. ரிவிஷன் 1.2இல் சரிசெய்துவிட்டார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் ரிவிஷன் பார்த்து வாங்க வேண்டும்.

வோல்டேஜ் குறையும்போது திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் வரும். ஆனால் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடக்கும் சர்வருக்குத் திரை ஏது? டெர்மினலில் 'விசிஜென்கமாண்ட்' (vcgencmd) கட்டளை கொண்டு 'த்ராட்டில்டு' நிலையைக் கேட்க வேண்டும். வெறும் பூஜ்யம் என்றால் நிம்மதி. 50000 என்று முடிந்தால், இப்போது சரி, ஆனால் ஆன் செய்ததிலிருந்து எப்போதோ ஒருமுறை வோல்டேஜ் விழுந்து வேகம் குறைந்திருக்கிறது. 50005 என்றால் இந்த நிமிஷமே விழுந்துகொண்டிருக்கிறது. டிஸ்க் தானாகக் கழன்று சேர்வது, கார்டில் ஃபைல் கெடுவது போன்ற புகார்களுக்கு ஓஎஸ்ஸை மறுபடி போடுவதற்கு முன்னால் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

அடுத்தது கரன்ட் கட். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும், கரன்ட் போகும்போது பை மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், இன்வெர்ட்டர் பெட்டியின் பின்பக்கத்தையோ முன்பக்கத்தையோ பாருங்கள். பெரும்பாலானவற்றில் 'யுபிஎஸ்' என்றும் 'இன்வெர்ட்டர்' அல்லது 'நார்மல்' என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, பைக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் தீர்ந்தது. இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் ரவுட்டருக்கு வைக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் போர்டு வழியாக 5 வோல்ட் எடுக்கலாம். எல்எம்2596 போர்டில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கும், தொடர்ந்து அவ்வளவு இழுத்தால் கொதிக்கும். எக்ஸ்எல்4015 பரவாயில்லை. எதுவானாலும் பையில் சொருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து 5.1க்குத் திருகி நிறுத்துங்கள். புதிதாக வரும் போர்டில் திருகு எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட் நேராகப் போனால் அதோடு கதை முடிந்தது.

மெமரி கார்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, ஆனால் அது சாகும் விதத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. திடீரென்று பூட் ஆகாமல் நிற்பது ஒரு வகை. இன்னொன்று கள்ளத்தனமானது: கார்டு உள்ளுக்குள் எழுதுவதை நிறுத்திவிடும், ஆனால் 'எழுதியாயிற்று' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். செட்டிங் மாற்றினால் மாறிய மாதிரி இருக்கும், ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி நிற்கும். டெலிட் செய்த ஃபைல் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அழித்தது திரும்ப வந்தால், அந்தக் கார்டை ரிப்பேர் பார்க்காதீர்கள். படிக்க முடிகிற வரைக்கும் நகலெடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள். கார்டில் வேகத்தைக் காட்டும் ஏ1, ஏ2 என்ற குறிகளில் ஏ2க்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். அந்த வேகம் வர ரீடரும் ஒத்துழைக்க வேண்டும், பை 4 இன் ரீடர் ஒத்துழைக்காது.

சரியான வழி எஸ்எஸ்டி. 2020 செப்டம்பருக்குப் பிறகு வந்த பூட்லோடர் (ஓஎஸ்ஸை எழுப்பும் சின்ன புரோகிராம்) இருந்தால் கார்டே இல்லாமல் யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும். இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. எஸ்எஸ்டியின் சாட்டா இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் கேபிளுக்குள் இருக்கும் சில சிப்கள் பை 4 இன் யுஎஸ்பி 3 போர்ட்டில் 'யுஏஎஸ்' என்ற வேகமான முறையில் பேசத் தெரியாமல் தடுமாறும். அடையாளம்: பத்து நிமிஷம் நன்றாக ஓடும், பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது முப்பது விநாடி அப்படியே உறையும், லாகில் 'ரீசெட்' என்று வரிசையாக வரும். மருந்து: 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை காட்டும் கேபிளின் அடையாள எண்ணை எடுத்து, பூட் ஆகும்போது படிக்கப்படும் 'சிஎம்டிலைன்' கோப்பில் குவர்க்ஸ் (விதிவிலக்கு) பட்டியலில் சேர்த்து யுஏஎஸ்ஸை அணைப்பது. வேகம் சற்றுக் குறையும், உறைவது நிற்கும். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும். நடுவில் எண்டர் தட்டினீர்களோ, அடுத்த வரியில் போட்டது கணக்கிலேயே வராது. நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எஸ்எஸ்டி ஒன்றுக்குப் போதும், சுழலும் ஹார்டு டிஸ்க் இரண்டுக்குப் போதாது.

பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை ஏற்றுவது என்று சொல்லும் 'எஃப்ஸ்டேப்' கோப்பில் டிஸ்க்கை எழுதும்போது, 'இல்லாவிட்டாலும் மேலே போ' என்று சொல்லும் 'நோஃபெயில்' போட மறந்தால், என்றைக்காவது டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கும் நாளில் பை எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் வராது. மானிட்டர் இணைக்கலாம் என்றால் அது மைக்ரோ ஹெச்டிஎம்ஐ, அந்தக் கேபிள் எந்த வீட்டிலும் இருக்காது. 'நோஃபெயில்' போட்டால் அடுத்த பிரச்சினை: டிஸ்க் ஏறாமலே பை எழுந்துவிடும், பேக்கப் ஸ்கிரிப்ட் வெற்று ஃபோல்டருக்குள் எழுதும், ராத்திரியோடு ராத்திரியாகப் பூட் கார்டு நிரம்பி எல்லாம் நின்றுபோகும். டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால் பூட்டுப் போட்டுவிட்டால் போதும். டிஸ்க் இல்லாத நாளில் எழுதவே முடியாது, ஸ்கிரிப்ட் பிழை சொல்லிவிட்டு நிற்கும்.

இனி கடிகாரம். பை 4இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. ஆன் ஆனதும் கடைசியாகச் சேமித்துவைத்த நேரத்திலிருந்து தொடங்கி, நெட்டில் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அந்தப் பதிலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் 'டிஎன்எஸ்செக்'கைப் பை-ஹோலில் ஆன் செய்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இதைக் கவனியுங்கள். மெயினை அணைத்துவிட்டுப் பத்து நாள் ஊருக்குப் போய் வருகிறீர்கள். பையின் கடிகாரம் பத்து நாள் பின்னால் இருக்கிறது. நேரம் கேட்க டைம் சர்வரின் பெயரை ஐபியாக மாற்ற வேண்டும். மாற்றித் தருவது பை-ஹோல். அது கையெழுத்தைச் சரிபார்க்கிறது, கையெழுத்தின் தேதி இன்னும் பிறக்காத நாளாகத் தெரிகிறது, நிராகரிக்கிறது. பெயர் கிடைக்காததால் நேரம் கிடைக்கவில்லை, நேரம் கிடைக்காததால் பெயர் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். வீட்டில் எல்லாப் போனிலும் வைஃபை முழுசாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. சர்வீஸ் புரொவைடருக்குப் போன் போட்டுத் திட்டி முடித்த பிறகுதான் பலருக்கும் இது விளங்குகிறது.

காசில்லாத தீர்வு, நேரம் கேட்கும் 'டைம்சிங்க்டி'யின் அமைப்பில் பெயருக்குப் பதிலாக ஐபியையே எழுதுவது. கூகுளின் டைம் சர்வர் 216.239.35.0. காசுள்ள தீர்வு டிஎஸ்3231 கடிகார மாட்யூல். வருஷத்துக்கு ஒரு நிமிஷத்தைச் சுற்றித்தான் பிசகும். பின் 1, 3, 5, 7, 9 மேல் நேராக உட்காரும் சின்ன வகையை வாங்குங்கள். நீலநிறப் பெரிய போர்டை 5 வோல்ட்டில் கொடுக்காதீர்கள்: டேட்டா கம்பிகளிலும் 5 வோல்ட் ஏறும், பையின் பின்கள் 3.3க்குத்தான் தாங்கும். போதாததற்கு அந்தப் போர்டில் உள்ள சார்ஜிங் பாதை, சார்ஜ் ஏற்றக் கூடாத சிஆர்2032 பேட்டரிக்குள் கரன்ட்டைத் தள்ளும். பின் 1 இன் 3.3 வோல்ட்தான் அதற்குச் சரி.

பை-ஹோல் விளம்பரத்தைத் தடுக்கவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் காரணம் ரவுட்டரில் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 போட்டதுதான். இரண்டாவது என்றால் முதலாவது விழுந்தால் மட்டும் என்று அர்த்தமில்லை, போன்கள் இரண்டையும் கலந்துதான் கேட்கும். ரவுட்டர் சொல்வதை விட்டு வேறு டிஎன்எஸ்ஸைக் கேட்க வைக்கும் ஆண்ட்ராய்டின் 'பிரைவேட் டிஎன்எஸ்'ஸும் பார்க்க வேண்டும். யூடியூப் விளம்பரம் எப்படியும் போகாது, வீடியோவும் விளம்பரமும் ஒரே டொமைனில் இருந்து வருகின்றன.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி உண்டு. பையில் ஓடும் லினக்ஸின் இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் பெயரின் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழில் எழுத்து மட்டுமல்ல, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனித்தனியாக மூன்று பைட். 'சித்திரைத் திருவிழா' என்ற இரண்டு வார்த்தைக்கே 55 பைட் போய்விடும். விண்டோஸில் அதே பெயர் 19தான், அங்கேயும் எல்லை 255. அதனால் விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீளமான பெயர் பைக்குக் காப்பி செய்யும்போது 'பெயர் நீளம் அதிகம்' என்று நிற்கும். எண்பத்தைந்து குறிகளுக்குள் முடியுங்கள், அதுவும் '.எம்பி4' போன்ற வாலையும் சேர்த்து.

இன்னொன்று 'கொ', 'கோ', 'கௌ' வரிசை. யூனிகோடில் 'கொ'வின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, துணைக்கால் ஒன்று என்று பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்து வைக்கும், லினக்ஸ் வந்தபடியே வைத்துக்கொள்ளும். 'கோவில்' ஃபோல்டரை மேக்கிலிருந்தும் போனிலிருந்தும் பேக்கப் எடுத்தால், பையில் இரண்டு 'கோவில்' பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 'கன்வ்எம்வி' என்ற கருவியை என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) அமைப்பில் ஓட்டினால் பெயரில் பிரிந்திருக்கும் குறிகள் சேர்ந்துவிடும். முதல் ஓட்டத்தில் அது எதையும் மாற்றாது, பட்டியல்தான் காட்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டலாம்.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 80 டிகிரியில் வேகம் குறையத் தொடங்கும், முழு அலுமினியக் கேஸ் போட்டால் மே மாதத்திலும் ஃபேன் தேவைப்படாது. வைஃபை சிக்னல் கொஞ்சம் குறையும், சர்வருக்கு லேன் கேபிள்தானே போடப்போகிறீர்கள். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டியாக வைத்து ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துபவர்கள் லாக் அளவுக்கு எல்லை போடுங்கள், தானாக எல்லை கிடையாது. பழைய வீடியோ பார்த்து நிறுவுபவர்களுக்கு: 2022 ஏப்ரலிலேயே 'பை' என்ற தயார் யூசரை நீக்கிவிட்டார்கள். 2023 அக்டோபரில் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வர்ம் பதிப்பில் வைஃபை விவரத்தைக் கோப்பாகப் பூட் ஃபோல்டரில் போடும் பழைய வித்தையும் வேலை செய்யாது. கார்டில் ஓஎஸ் எழுதும் இமேஜர் செயலியிலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்.

இன்று புதிதாக வாங்கலாமா? சென்சார், ரிலே என்று போர்டின் பின்களில் (ஜிபிஐஓ) நேராக இணைக்கும் வேலை இருந்தால் பை. வெறும் சர்வர் என்றால், நல்ல அடாப்டர், எஸ்எஸ்டி, கேபிள், கேஸ், கடிகாரம் எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, அலுவலகங்கள் கழித்துவிடும் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி வகை மினி பிசி விலையோடு ஒப்பிடுங்கள். கரன்ட் கூடுதலாக இழுக்கும், மேலே சொன்னதில் பாதி தொல்லை இருக்காது. வாங்கியதும் இரண்டு வேலை: பயாஸில் கரன்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி மாற்றுவது, இல்லாவிட்டால் முதல் கரன்ட் கட்டோடு படுத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுவது. கழித்துவிட்ட பெட்டிகளில் அது பெரும்பாலும் செத்திருக்கும், அதோடு கடிகாரமும்.