கிளாங்: கோப்பு முறைமையில் களையெடுக்க ஏற்ற கம்பைலர்

பாலக்காடு அருகே கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில், கொழிஞ்சாம்பாறைத் தமிழர்கள் சிலர் சேர்ந்து சேமிப்புக் கருவிகளுக்கென லினக்ஸ் கர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) தொகுத்துத் தரும் எங்கள் சிறு அலுவலகத்தில், பயன்படாத ஃபங்ஷன்களை (பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல் துண்டுகளை) களையும் வேலைக்கு மட்டும், ஜிசிசி என்ற கம்பைலரை விட்டு கிளாங் என்ற கம்பைலருக்கு மாறியிருக்கிறோம்; கம்பைலர் என்பது எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள். சி மொழி நிரல் கோப்புக்குள் 'ஸ்டாட்டிக் இன்லைன்' (அந்தக் கோப்புக்குள் மட்டும் பயன்படும் சிறு ஃபங்ஷன்) என்று எழுதப்பட்டு, யாரும் அழைக்காமல் கிடக்கும் ஃபங்ஷனை ஜிசிசி கண்டுகொள்வதில்லை. கிளாங்கோ, கூடுதல் எச்சரிக்கைகளைக் கேட்கும் விருப்பத்தை (பழைய கர்னல்களில் டபிள்யூ=1, புதியவற்றில் டபிள்யூ=2) மேக் என்ற தொகுப்புக் கட்டளையோடு சேர்த்தால், வரி எண்ணோடு காட்டிக்கொடுத்துவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுத்து வாங்கலாம். ஆனால் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆயினும் அது சொன்னதை அப்படியே நம்பி அழிக்கத் தொடங்கக் கூடாது. ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையைக் கோட்டா வசதி (பயனருக்கு இட வரம்பு வைப்பது) இல்லாமல் தொகுக்கும்போது, அந்த வசதிக்குள் மட்டும் அழைக்கப்படும் ஃபங்ஷன் அநாதையாகத் தோன்றும்; அதை நீக்காமல், அழைக்கும் இடத்தைச் சூழ்ந்துள்ள அதே இஃப்டெஃப் நிபந்தனைக்குள் (வசதி இருந்தால் மட்டும் தொகு என்னும் குறிப்புக்குள்) நகர்த்துவதே முறை. எக்ஸ்போர்ட்_சிம்பல் இட்டு வெளியே அழைக்கத் திறந்துவிட்ட ஃபங்ஷன்களைப் பற்றி கிளாங் வாயே திறக்காது, ஏனெனில் எந்த மாட்யூல் (கர்னலில் தனியாக ஏற்றப்படும் பகுதி) அவற்றை அழைக்கும் என்பது கம்பைலருக்குத் தெரியாது. அங்கே நிரல் முழுவதிலும் ஒரு பெயரைத் தேடித்தரும் கிட் கிரெப் கட்டளைதான் துணை. தேடும்போது பெயருக்குப் பின் அடைப்புக்குறி சேர்க்க வேண்டாம், ஏனெனில் ஈஎக்ஸ்டி4_சிங்க்_ஃபைல் போன்ற ஃபங்ஷன்கள், கோப்பின் மீதான செயல்களைப் பட்டியலிடும் ஃபைல்_ஆபரேஷன்ஸ் அமைப்பில் வெறும் பெயராகவே நிற்கும்.

இந்த டபிள்யூ விருப்பம் வேறு எச்சரிக்கைகளையும் கொட்டும் என்பதால், முழுக் கர்னலுக்கும் இடாமல் தேவையான கோப்பு முறைமையின் அடைவுக்கு மட்டும் இடுவது நல்லது.