ஸ்னார்க் வேட்டை: இரு ஓவியர்களின் பதிப்புகள்

ஸ்னார்க் என்னும் கற்பனைப் பிராணியைத் தேடிக் கப்பலேறும் ஒரு விசித்திரக் கூட்டத்தைப் பற்றிய லூயிஸ் கரோலின் அபத்தக் கவிதை 'ஸ்னார்க் வேட்டை', 1876-இல் ஹென்றி ஹாலிடேயின் ஓவியங்களுடன் வெளிவந்தது. அதன் மறுபதிப்பையும், 1941-இல் மெர்வின் பீக் வரைந்த பதிப்பையும் அருகருகே வைத்துப் படித்தால், அபத்தக் கவிதைக்குப் படம் வரைவது எத்தனை சிக்கலான வேலை என்பது புரியும்.

ஹாலிடேயின் பெருந்தலை மனிதர்கள் சிரிப்பதே இல்லை. அந்த இறுக்கமே நகைச்சுவைக்கு வலுவூட்டுகிறது. கசாப்புக்காரர் இரு கைகளிலும் பேனா பிடித்து பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்குக்குக் கணக்குச் சொல்லித்தரும் படத்தில், விசித்திர ஜந்துக்கள் மூலைமுடுக்கெல்லாம் நெருக்கியடித்து நிற்பதால், ஒவ்வொரு வாசிப்பிலும் புதிதாக ஏதேனும் ஒன்று கண்ணில் படுகிறது. அடுத்து, கப்பல் தலைவர் பெருமையுடன் விரிக்கும் கடல் வரைபடம்: ஓரங்களில் திசைப்பெயர்கள், நடுவே வெறும் வெள்ளைத்தாள். நூலின் மிகச் சிறந்த படம், ஓவியர் ஏறக்குறைய எதையும் வரையாத இந்தப் பக்கம்தான் என்பேன்.

பூஜம் என்னும் பயங்கரப் பிராணியையும் ஹாலிடே வரைந்திருந்தார். அது கற்பனைக்கு எட்டாததாகவே இருக்கட்டும் என்று கரோல் அப்படத்தை நிராகரித்துவிட்டார். மிகச் சரியான முடிவு.

பீக்கின் பேனாக் கோடுகளில் கேலியைவிட இருளே அதிகம். பெரியவர்களுக்கு அது பிடிக்கும், சிறு குழந்தைகள் சற்று மிரளக்கூடும். முதல்முறை படிப்பவர்களுக்கு ஹாலிடேயையே பரிந்துரைப்பேன். ஆனால் அவருடைய படங்கள் மரச்செதுக்கு அச்சுக்காக உருவானவை என்பதால், மட்டமான தாளில் அச்சிட்ட மலிவுப் பதிப்புகளில் நுண்கோடுகள் மையில் அப்பிப்போகின்றன. வாங்குமுன் ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்ப்பது நல்லது.