எச்பி 9825ஏ: மூன்று ஸ்லாட், நான்கு கார்டு

1976-இல் வந்த எச்பி 9825ஏ மேசைக் கணிப்பானின் பின்புறம் மூன்றே ஸ்லாட். வெளிக்கருவிகளை இணைக்க அவற்றில் செருகும் போட்டியில் நான்கு கார்டு: 98032ஏ (16-பிட் பேரலல்), 98033ஏ (பிசிடி, ஒவ்வொரு பதின்ம இலக்கத்தையும் நான்கு பிட்டில் தரும் முறை), 98034ஏ (எச்பி-ஐபி, பல கருவிகள் பகிரும் பொதுக் கம்பித்தொகுதி, அதாவது பஸ்), 98036ஏ (ஆர்எஸ்-232சி, பிட் பிட்டாக அனுப்பும் தொடர் இணைப்பு).

முதல் இடம் 98034ஏ-வுக்கு, இதில் யோசிக்கவே வேண்டாம். ஒரே ஸ்லாட்டில் 14 கருவிகள் வரை கோக்கலாம். கட்டளையில் 722 என்றால் 7 கார்டின் செலக்ட் கோடு (அடையாள எண்), 22 வோல்ட்மீட்டரின் முகவரி. 21 வழக்கமாகக் கணிப்பானுக்கே உரியது. அதைக் கருவிக்கு வைக்காதீர்கள். கேபிள் கருவிக்கு 2 மீட்டர், மொத்தம் 20 மீட்டருக்குள் அடங்கவேண்டும். கனெக்டரின் கறுப்புத் திருகு மெட்ரிக், வெள்ளி நிறத் திருகு அங்குல மரை. பலவந்தமாக முறுக்கினால் மரை போய்விடும். தரவைப் பெறும் கருவிகளில் எது மந்தமோ, அதன் வேகமே பஸ்ஸின் வேகம். அதனால் அளவீடுகளை நினைவகத்தில் சேர்த்துவிட்டுப் பிறகு பிரிண்டருக்கு அனுப்புவது நல்லது.

வேகமும், சொந்தமாகச் செய்த சர்க்யூட்டும் என்றால் 98032ஏ. உள்ளே செல்ல 16 கம்பி, வெளியே வர 16 கம்பி தனித்தனியாக உண்டு, டிஎம்ஏ-வும் (செயலியைத் தாண்டி நேரே நினைவகத்துக்குத் தரவு அனுப்புவது) முடியும். தொல்லை ஜம்பர்களில்தான் (கார்டின் அமைப்பை மாற்றும் சிறு இணைப்புகள்). லாஜிக்கின் துருவமும் ஹேண்ட்ஷேக்கின் (இருபுறமும் ‘தயார்’ சொல்லிக்கொள்ளும் சைகைகளின்) துருவமும் அங்கேதான் தீர்மானமாகின்றன. கருவி ‘தயார்’ என்று சொல்லும் பிஎஃப்எல்ஜி கம்பியின் துருவம் தலைகீழாக இருந்தால், நிரல் ‘தயார்’ என்ற பதிலுக்காக நின்றுகொண்டே இருக்கும். ஆப்ஷன் 062 என்று எழுதிய பழைய கார்டு 9862ஏ பிளாட்டருக்காக அமைத்தது; வேறு கருவிக்கு என்றால் திறந்து ஜம்பர்களைச் சரிபார்க்காமல் இணைக்காதீர்கள். 98032ஏ டிடிஎல் மட்டத்தில் (0–5 வோல்ட்) இயங்குவது, ஆர்எஸ்-232-இன் ±12 வோல்ட்டைத் தாங்காது.

98033ஏ பிசிடி வெளியீடு கொண்ட மீட்டர்களை வாசிக்க மட்டும். ஒரு மீட்டருக்கு ஒரு கார்டு என்பதால், வேறு வழியில்லாதபோது பார்த்துக்கொள்ளலாம்.

98036ஏ அன்று மோடத்துக்கும் டெர்மினலுக்கும் பயன்பட்டது. இன்று அதன் மதிப்பே வேறு. கணிப்பானிலேயே உள்ள டிசி100 டேப் டிரைவின் ரப்பர் உருளை காலப்போக்கில் பசையாக உருகி, நாடாவையே பாழாக்குகிறது. உருளையை மாற்றி, நிரலை ஒருமுறை ஏற்றிவிட்டால், அந்த நிரலின் பட்டியலை இந்தக் கார்டு வழியாகக் கணினியில் உரைக்கோப்பாகப் பிடித்து வைக்கலாம். எழுத்தே வராவிட்டால் கேபிளின் 2, 3 பின்களைக் குறுக்காக மாற்றிப் பாருங்கள். குப்பை எழுத்து வந்தால் வேகமும் பாரிட்டியும் (பிழை காட்டும் பிட்) இருமுனையிலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

எந்தக் கார்டானாலும் மின்சாரத்தை நிறுத்தியே செருகவேண்டும். முன்புற ரோம் ஸ்லாட்டில் ஜெனரல் ஐ/ஓ ரோம் (கூடுதல் கட்டளைகளைத் தரும் செருகு நினைவகம்) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாத 9825ஏ-வுக்கு எழுதும், வாசிக்கும் கட்டளைகளே தெரியாது.