முதலில் இடிப்பதா, முதலில் கட்டுவதா?

ஏழைகளுக்காக அரசு கட்டி வாடகைக்கு விட்ட பழைய பொதுக் குடியிருப்பை எல்லா வருமானத்தினரும் சேர்ந்து வாழும் பகுதியாக மாற்றலாம் என்றதுமே பேச்சு கணக்குக்குப் போய்விடுகிறது: ஏழைகளுக்கு எத்தனை வீடு, விற்பனைக்கு எத்தனை? அதற்கு முன்பு கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த வேலை நடக்கும் ஆண்டுகளில் இப்போது குடியிருப்பவர் எங்கே இருப்பார்?

சிகாகோவின் கேப்ரினி-கிரீன் என்ற பொதுக் குடியிருப்பில் சுமார் 3,600 வீடுகள் இருந்தன. கடைசி உயரக் கட்டடம் 2011இல் இடிக்கப்பட்டது. இடிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் வீடு கட்டியாக வேண்டும் என்ற விதியை அமெரிக்க நாடாளுமன்றம் 1998லேயே நீக்கிவிட்டிருந்தது. பல குடும்பங்கள் வாடகை உதவிச் சீட்டோடு வேறு பகுதிகளுக்குக் கிளம்பின. திரும்பி வர நினைத்தவர்களுக்குப் புதிய வளாகங்களில் வேலை நிபந்தனை, சில இடங்களில் போதைப்பொருள் சோதனைகூட. இடித்த நிலத்தில் பெரும் பகுதி ஆண்டுக்கணக்காக வெறுமனே கிடந்தது. அழுகிய குழாயும் பழுதான லிஃப்டும் இனி இல்லை என்பது நல்லதுதான். ஆனால் அந்த நன்மை யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

கனடாவில் டொராண்டோவின் ரீஜண்ட் பார்க் பொதுக் குடியிருப்பில் 2005 முதல் கட்டம் கட்டமாக வேலை நடக்கிறது. அங்கிருந்த 2,083 மானிய வாடகை வீடுகளுக்கும் பதில் வீடு உண்டு, திரும்பி வரும் உரிமையும் உண்டு. செலவில் ஒரு பகுதி, பக்கத்திலேயே கட்டி விற்கும் வீடுகளிலிருந்து வருகிறது. குறை இல்லாமல் இல்லை: பதில் வீடுகளில் சில வேறு இடங்களில் எழுந்தன. காத்திருக்கும் ஆண்டுகளில் பிள்ளைகள் வேறு பள்ளியில் வேர்விட்டுவிடுகிறார்கள். உரிமை இருந்தும் வர மனம் வருவதில்லை.

என் மனம் போவது பிரான்ஸில் போர்தோ நகரின் கிராண்ட் பார்க் குடியிருப்பின் பக்கம். 1960களில் கட்டிய மூன்று கட்டடங்கள், 530 வீடுகள். ஒன்றைக்கூட இடிக்கவில்லை. கட்டடத்துக்கு வெளியே புதிய தளங்களை எழுப்பி ஒட்டவைத்தார்கள். பழைய சிறிய ஜன்னலை எடுத்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் வெளிப்பக்கமாக 3.8 மீட்டர் நீளும், வெயில் விழும் கூடம். வேலை நடந்தபோதும் மக்கள் அங்கேயே குடியிருந்தார்கள். 2019இல் ஐரோப்பாவின் கட்டடக்கலை விருதான மீஸ் வான் டெர் ரோ விருது இதற்குக் கிடைத்தது.

இந்த வழி மட்டும் வேறு வருமானத்தினரை அழைத்து வந்துவிடாது. அதற்குக் கட்டடங்களுக்கு இடையே உள்ள காலி நிலத்தில் புதிய வீடுகள் வேண்டும், அவற்றுக்கும் பழைய வீடுகளுக்கும் பொதுவான விளையாட்டுத் திடலும் முற்றமும் வேண்டும். தூணும் தளமும் உறுதியாக இருந்தால் நான் போர்தோ வழியையே கேட்பேன். கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்கிறது என்றால் டொராண்டோ வழி, ஒரு நிபந்தனையோடு: புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை பழைய சாவியை யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது.