கிரிஃபி ரூக்கி கார்டு: அப்பர் டெக்கா, மற்றதா?

பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை, சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் தேடுவது கென் கிரிஃபி ஜூனியரைத்தான். சியாட்டில் மரினர்ஸ் அணியின் செல்லப் பிள்ளை, 630 ஹோம் ரன் அடித்தவர், 2016இல் 99.3 சதவீத வாக்குகளோடு ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மன்றத்துக்குத் தேர்வானவர். இப்படிப்பட்டவரின் ரூக்கி கார்டு, அதாவது முதல் வருஷத்துக் கார்டு, எட்டாத விலையில் இருக்க வேண்டும். இல்லை. எண்பதுகளின் கடைசியில் கார்டு கம்பெனிகள் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ளின. வாங்கியவர்களும் பின்னால் விலை ஏறும் என்று பத்திரப்படுத்தினார்கள். அதனால்தான் நம் பட்ஜெட்டுக்கு வருகிறது.

அவருடைய முதல் வருஷமான 1989இல் வந்த முக்கியமான கார்டுகள் ஐந்து, கம்பெனி பெயரும் கார்டு எண்ணுமாக: அப்பர் டெக் எண் 1, டோன்ரஸ் எண் 33, ஃப்ளீர் எண் 548, பௌமன் எண் 220, டாப்ஸ் டிரேடட் எண் 41டி. நான் வாங்கியது அப்பர் டெக், பிஎஸ்ஏ கிரேடு 8. பிஎஸ்ஏ என்பது கார்டின் நிலையைப் பார்த்து 10 வரை மதிப்பெண், அதாவது கிரேடு, போட்டு பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் கம்பெனி. கீழே வரும் அலசல் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டோன்ரஸும் ஃப்ளீரும் மலிவு. கிரேடு செய்யாதது சில டாலருக்கே கிடைக்கும். டோன்ரஸில் நம்பிக்கை தரும் புதுமுகம் என்று காட்டும் ‘ரேட்டட் ரூக்கி’ முத்திரை உண்டு, அது சிலருக்குப் பெரிய ஈர்ப்பு. ஆனால் பக்கவாட்டு ஓரம் கறுப்பு என்பதால் சின்ன உரசல்கூட வெள்ளையாகப் பல்லிளிக்கும். பௌமன் அந்த வருஷம் கார்டின் உயரத்தை மூன்றே முக்கால் அங்குலமாக்கிவிட்டது. வழக்கமான உயரம் மூன்றரை. ஒன்பது பைகள் கொண்ட ஆல்பத் தாளில் சரியாக அடங்காது, அதற்கென்று தனி உறை தேட வேண்டும். நான் அதை வைத்துப் பழகியதில்லை, ஆகவே இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

டாப்ஸ் கதை வேறு. அந்த வருஷத்து வழக்கமான 792 கார்டு தொகுப்பில் கிரிஃபியே கிடையாது. பிறகு டிரேடட் என்ற 132 கார்டு கொண்ட கூடுதல் தொகுப்புப் பெட்டியில்தான் வந்தார். பெட்டியோடு விற்றதால் நல்ல நிலையில் உள்ளவை நிறையக் கிடைக்கும். விற்கும் எண்ணமே இல்லை, ஆல்பத்தில் ஒரு கிரிஃபி இருந்தால் போதும் என்பவருக்கு என் சிபாரிசு இதுதான். டிஃபனி என்று ஒரு பளபளப்புப் பதிப்பும் உண்டு. அதன் விலை தனி ரகம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஏன் நான் அப்பர் டெக் பக்கம் போனேன்? நடுத்தர கிரேடு கிடைத்தால் கார்டின் விலை என்ன ஆகிறது என்பதுதான் காரணம்.

கிரேடிங்குக்கு அனுப்பினால் கட்டணமும் தபாலும் சேர்ந்து இருபது டாலருக்குக் கீழே முடிவதில்லை. டோன்ரஸுக்கோ ஃப்ளீருக்கோ 10 கிடைத்தால் லாபம். 9 கிடைத்தால் நான் பார்த்த விற்பனைகளில் கைக்காசு ஏறக்குறைய திரும்புகிறது. 8 கிடைத்தால் அனுப்பிய செலவே நஷ்டம். அதாவது அந்தக் கார்டுகளில் உச்சத்துக்கு மட்டும்தான் மதிப்பு, அதற்குக் கீழே எல்லாம் ஒன்றுதான். அப்பர் டெக்கில் அப்படியில்லை. 10 என்றால் ஆயிரக்கணக்கான டாலர், அதை விடுங்கள். 8க்கும் 7க்கும்கூட எப்போதும் ஆள் இருக்கிறார்கள், கிரேடிங் செலவைத் தாண்டியே விலை நிற்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. புதிய கம்பெனியின் முதல் தொகுப்பில் முதல் கார்டு அது. உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாத பையனை எண் 1இல் வைத்தார்கள். படத்தில் இருப்பதே அதற்குக் கீழ்நிலை லீக்கில் சான் பெர்னார்டினோ அணிக்கு ஆடியபோது எடுத்தது, தொப்பியை மட்டும் மரினர்ஸ் தொப்பியாக மாற்றி வரைந்தார்கள். அச்சுத் தாளின் மூலையில் இந்தக் கார்டு அமைந்ததால் முனை மடங்குவது சகஜம். அதனால் சந்தையும் 8ஐக் குறையாகப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் பிஎஸ்ஏவிடம் மிக அதிகமாகப் போன கார்டுகளில் இதுவும் ஒன்று. அரிது என்பதற்காக யாரும் இதை வாங்குவதில்லை, எல்லோருக்கும் வேண்டும் என்பதற்காக வாங்குகிறார்கள்.

இதிலும் ஒரு தொல்லை உண்டு, போலிகள். பின்பக்கம் ஹாலோகிராம் இருந்தாலும் கிரேடு செய்யாததை முன்பின் தெரியாதவரிடம் வாங்க எனக்குத் துணிவில்லை. பிஎஸ்ஏ உறையில் உள்ளதை வாங்கி, அதன் எண்ணை அவர்கள் தளத்தில் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இதே வேலை செய்யும் எஸ்ஜிசி, பெக்கெட் கம்பெனிகளின் உறைகளில் சற்று மலிவாகக் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் வாங்கிப் பழக்கமில்லை. என் கார்டை நான் இன்னும் விற்றதும் இல்லை, மறுவிற்பனை பற்றிச் சொன்னதெல்லாம் மற்றவர்களின் விற்பனையைக் கவனித்து வந்தது.

வாங்குவதென்றால் 9க்காகக் காசைக் கூட்ட வேண்டாம். நான் வாங்கிய சமயத்தில் 9இன் விலை 8ஐப் போல ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்குப் பதில் 8களை வரிசையாக வைத்து வெள்ளை ஓரம் இருபுறமும் சமமாக உள்ளதைப் பொறுக்கி எடுங்கள். முனையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொட்டைக்காக 8 கிரேடு பெற்ற கார்டு, உறைக்குள் பார்த்தால் பல 9களைவிட அழகாக இருக்கும்.