பல கிராஸ் ஸ்டிட்ச் வேலைகளும் அவற்றைத் தாங்கும் சட்டங்களும்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

துணியில் நூலால் சிறு பெருக்கல் குறிகளாகத் தைத்துப் படம் உருவாக்கும் கிராஸ் ஸ்டிட்ச் செய்பவர்களில் எடுத்த வேலையை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதவர்கள் உண்டு. இரண்டு மூன்று வேலைகளை ஒரே காலத்தில் மாற்றி மாற்றிச் செய்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது வகை. பெரிய படம் ஒன்றில் ஒரே நீல வானத்தை வாரக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருக்கும்போது கண்ணும் கையும் வேறொரு நிறத்தைத் தேடத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் தேடலுக்கு இடம் கொடுப்பதால்தான் என்னுடைய பெரிய வேலைகள் பாதியில் நின்றுவிடாமல் முடிகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். அப்படி மாற்றிச் செய்வது இதமாக நடக்கிறதா, எரிச்சலூட்டுகிறதா என்பதைப் பேட்டர்னையும் நூலையும் விட, துணியைப் பிடித்துவைக்கும் சட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. மர வளையம், பிளாஸ்டிக் வளையம், ஸ்க்ரோல் பிரேம் என்னும் உருளைச் சட்டம், கியூ-ஸ்னாப் என்னும் குழாய்ச் சட்டம் ஆகிய நான்கையும் பல ஆண்டுகளாகப் புழங்கியதில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அளவைப் பற்றியதாகவே இருக்கிறது: சிறிய படத்துக்கு வளையம், பெரிய படத்துக்கு உருளைச் சட்டம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரே வேலையை முடியும்வரை செய்பவருக்கு அது போதும். மாற்றிச் செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் துணி எத்தனை நாள் தொடப்படாமல் காத்திருக்கப் போகிறது, காத்திருக்கும்போது சட்டத்திலேயே இருக்கலாமா, கழற்றினால் மறுபடி மாட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பவைதான் அந்தக் கேள்விகள். மாலையில் அரை மணி நேரமே கிடைக்கும் ஒருவர் அதில் பாதியைத் துணியை மாட்டுவதிலும் இழுத்து நேராக்குவதிலும் செலவழித்தால், மறுநாள் அந்த வேலையை எடுக்கவே மனம் வராது. பேட்டர்ன் பிடிக்காமல் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் பிடிக்காமல் போனது அந்த மாட்டும் வேலையாகவே இருக்கும்.

மர வளையத்திலிருந்து தொடங்குகிறேன். எடை குறைவு, கைக்கு அடக்கம், திருகைத் தளர்த்தினால் நொடியில் கழன்றுவிடும். உட்புற வளையத்தைச் சுற்றிப் பருத்தி நாடாவை இறுக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டால் துணி வழுக்காமல் நிற்கும். வெறும் மரத்தில் மாட்டிய ஐடா துணி (கட்டம் கட்டமாகத் துளைகள் அமைந்த கிராஸ் ஸ்டிட்ச் துணி) சற்று நேரத்திலேயே தொய்ந்துவிடும், நாடா சுற்றிய வளையத்தில் அந்தத் தொய்வு வெகுவாகக் குறைகிறது. வளையம் வாங்குகிறவர்கள் கணக்கில் கொள்ள மறக்கும் ஒரு செய்தி அதன் வடிவம். 6 அங்குல வளையத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்தின் பக்கம் 4 அங்குலத்துக்குச் சற்றே அதிகம்; 14 கவுண்ட் ஐடாவில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 தையல்கள் விழும் துணியில், அது 59 தையல்கள். ஆகவே 50-க்கு 50 தையல்கள் என்று கட்டம் பிரித்துச் செய்பவருக்கு 6 அங்குல வளையம் சரியாகப் பொருந்துகிறது, அதைவிடச் சிறியதில் கட்டத்தின் மூலைகள் வளையத்துக்கு அடியில் போய்விடுகின்றன. மூலைகள் மறைந்தால் வளையத்தை நகர்த்த வேண்டும், நகர்த்தினால் முடித்த தையல்களின் மேல் அது ஏறி உட்காரும்.

அந்த ஏறி உட்காரல்தான் வளையத்தின் பெருங்குறை. புதிதாகத் தைத்த குறுக்குகள் சற்றே மேடாக, ஒளியை வாங்கிப் பளபளப்பாக நிற்கும். வளையம் அழுத்திய இடத்தில் அதே குறுக்குகள் தட்டையாகி, இழைகள் பிரிந்து, ஒரு வில் போன்ற மங்கல் கோடு விழுந்திருக்கும். வெளிர் நிறங்களில், குறிப்பாக முகங்களிலும் வானத்திலும், அது உடனே கண்ணில் படும். அன்றன்றைக்குக் கழற்றிவைத்தால் பெரும்பாலான தடங்கள் துவைக்கும்போது போய்விடுகின்றன. மாதக்கணக்கில் மாட்டியபடியே விட்ட துணியில் கதை வேறு: விரல்களின் எண்ணெய்யும் தூசியும் வளையத்தின் ஓரத்தில் படிந்து, மடிப்போடு சேர்ந்து அழுக்குக் கோடாகிவிடுகின்றன, அந்தக் கோடு துவைத்தாலும் எளிதில் விடுவதில்லை. ஆகவே மாற்றிச் செய்பவருக்கு என் கருத்து தெளிவானது: ஓரிரு வாரத்தில் முடியக்கூடிய, வளையத்தை நகர்த்தாமலே தைத்துவிடக்கூடிய சிறு படங்களுக்கு மட்டுமே வளையம். காத்திருக்கப் போகும் எந்தத் துணியையும் வளையத்தில் விடாதீர்கள்.

பிளாஸ்டிக் வளையத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளிம்பில் சிறு வரம்பு உள்ள வகை துணியை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கிறது, தடத்தையும் அதே அளவுக்கு ஆழமாகப் பதிக்கிறது.

உருளைச் சட்டத்தின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. மேலும் கீழும் உள்ள உருளைகளில் துணியைத் தைத்துச் சுருட்டி, பக்கக் கட்டைகளில் பொருத்தி இறுக்கிவிட்டால், தட்டினால் பறை போல ஒலிக்கும் அளவுக்குத் துணி விறைத்து நிற்கும். அந்த விறைப்பில் ஊசியை மேலிருந்து ஒரு கையாலும் கீழிருந்து மறு கையாலும் நேராகக் குத்தி வாங்கும்போது, தையல் ஒவ்வொன்றும் ஒரே இழுவிசையில் அமைகிறது. நுண்மையான பெரிய படங்களில் கிடைக்கும் அந்தச் சீரான பரப்பை வேறெந்தச் சட்டத்திலும் நான் இவ்வளவு எளிதாகப் பெற்றதில்லை. ஆயினும் அது ஒரே வேலைக்கு உரிய சட்டம். துணியின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் உருளையில் ஒட்டியிருக்கும் நாடாவோடு நடுக்கோடு பார்த்துத் தைக்க வேண்டும். நடு விலகினால் சுருட்டச் சுருட்டத் துணி ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். பக்கங்கள் தொய்ந்தால் அவற்றையும் நூலால் கட்டைகளோடு இழுத்துக் கட்ட வேண்டும், சுருட்டும்போதெல்லாம் அந்த நூலை அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். இவ்வளவையும் ஒரு வேலைக்குச் செய்துவிட்டு, மனம் மாறியதும் அவிழ்த்து இன்னொன்றை ஏற்றுவது பயனுள்ள முறையல்ல. மணிகளும், ஊசியில் நூலைச் சுற்றி மேடாகப் போடும் பிரெஞ்சு முடிச்சுகளும் வரும் படமாக இருந்தால் சுருளுக்குள் அவை அழுந்தும் என்பதால், அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. பெரிய படம் ஒன்றை ஆண்டுக்கணக்கில் செய்யத் தீர்மானித்திருந்தால் அதற்கென ஓர் உருளைச் சட்டத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். அதில் வேறு எதையும் ஏற்றாதீர்கள். அப்படி ஒதுக்கும்போது அதன் எல்லாத் தொல்லைகளும் ஒரே ஒரு முறைதான் வருகின்றன. வேலை காத்திருக்கும் நாட்களில் உருளைகளைச் சற்றுத் தளர்த்தி, மேலே ஒரு பழைய பருத்தித் துணியைப் போர்த்திவைத்தால் போதும்.

மாற்றிச் செய்வதற்கென்றே அமைந்தது போன்ற சட்டம் கியூ-ஸ்னாப் வகைதான். நான்கு பிளாஸ்டிக் குழாய்கள் மூலைத் துண்டுகளில் செருகி ஒரு சதுரமாகின்றன. துணியை மேலே விரித்து, நீளவாக்கில் பிளந்த கவ்விகளை ஒவ்வொரு குழாயின் மீதும் அழுத்தினால் சட்டென்று கவ்விக்கொள்ளும். பிறகு கவ்விகளை வெளிப்புறமாகத் திருகினால் துணி இறுகும், உட்புறமாகத் திருகினால் தளரும். தைத்துக்கொண்டே இருக்கும்போது தொய்வு தெரிந்தால் ஊசியைக் கீழே வைக்காமலே நான்கு கவ்விகளையும் ஒரு திருகு திருகிவிடலாம். சதுர வடிவம் என்பதால் மூலைகளும் பயன்படுகின்றன: 8 அங்குல உள் இடத்தில் 14 கவுண்டில் 112 தையல்கள் நீளத்துக்கும் அகலத்துக்கும் கிடைக்கின்றன. சட்டத்தின் பெயரில் உள்ள அளவு வெளி அளவு, உள்ளே கிடைப்பது அதைவிடக் குறைவு என்பதை வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டும். குழாய்களைப் பிரித்து வேறு நீளத்துக் குழாய்களோடு சேர்த்துச் செவ்வகமாகவும் அமைத்துக்கொள்ள முடிவது, உயரமான படங்களுக்கு மிகவும் உதவுகிறது.

குறைகளும் உண்டு. தடித்த துணியில் கவ்விகளை அழுத்த விரல்களில் வலிமை வேண்டும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்தச் சட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளடைவில் சில கவ்விகள் விரிந்து பிடி தளர்கின்றன. குழாய்க்கும் துணிக்கும் இடையில் ஒரு பட்டை ஃபிளானல் வைத்தால் பிடி திரும்பிவிடுகிறது. கவ்விக்கு வெளியே தொங்கும் துணிதான் கையோடு உரசி அழுக்காகும் பகுதி. எலாஸ்டிக் கோத்த துணி உறை ஒன்றைச் சட்டத்தைச் சுற்றி மாட்டி, மிச்சத் துணியை அதற்குள் சுருட்டி வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. தடம் இதிலும் விழும். ஆனால் அது நேர்கோடாக, துணியின் இழைப்போக்கிலேயே விழுவதால் துவைத்து இஸ்திரி போடும்போது வளையத்தின் வில் கோட்டைவிட எளிதாகப் போகிறது. இருந்தாலும் சில வாரங்கள் தொடப்போவதில்லை என்று தெரிந்தால் கவ்விகளைக் கழற்றிவிடுகிறேன். மறுபடி மாட்ட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை, இந்தச் சட்டத்தின் அருமையே அதில்தான் இருக்கிறது.

துணியைக் கழற்றி மாட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸ் ஸ்டிட்சில் மேலே விழும் கால், அதாவது ஒவ்வொரு குறுக்கிலும் இரண்டாவதாகப் போடும் சாய்கோடு, படம் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். சதுரத் துணியைச் சதுரச் சட்டத்தில் மறுபடி மாட்டும்போது அது கால் சுற்று திரும்பிவிட்டால், பேட்டர்னையும் அதற்கேற்பத் திருப்பிப் படித்துக்கொண்டே தைக்க முடியும். எண்ணிக்கையில் பிழையே வராது. ஆனால் மேல் கால் இப்போது எதிர்த் திசையில் சாயும். அந்தப் பகுதி மட்டும் வேறு விதமாக ஒளியை வாங்கி, நிறமே மாறியது போலத் தோன்றும், அதைப் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. துணியின் மேல் ஓரத்தில், படத்துக்கு வெளியே, ஒரு வண்ண நூலால் நாலு ஓட்டுத் தையல் போட்டுவைப்பது இந்த ஆபத்தை முற்றாக நீக்குகிறது. எல்லா வேலைகளுக்கும் ஒரே சாய்வுத் திசையை வைத்துக்கொள்வதும் அவசியம், ஏனென்றால் கை பழகிய வழியிலேயே போகும்.

வேலையை நிறுத்தும் விதமும் சட்டத்தோடு சேர்ந்ததே. ஒரு வரிசையின் நடுவில் நிறுத்தாமல், பத்துக்குப் பத்துக் கட்டம் ஒன்றை முடித்துவிட்டு நிறுத்துகிறேன். அடுத்த தையலின் துளையில் அதே நிறத்து நூலை மேலே வாங்கி, ஊசியில்லாமல் தொங்கவிடுகிறேன். எடுக்கும் நாளில் அந்த நூல்தான் தொடங்கும் இடத்தைக் காட்டுகிறது. ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்தால் நாள்பட்ட காத்திருப்பில் துருக்கறை படியக்கூடும், ஆகவே ஊசி தனியாக. பேட்டர்னில் முடித்த கட்டங்களை நிறம் தீட்டிவைப்பது வழக்கமாக எல்லோரும் செய்வதுதான்.

நூலையும் வேலைக்கு ஒரு பையாகப் பிரித்துவைப்பது நல்லது. டிஎம்சி போன்ற நிறுவனங்களின் நூற்கண்டுகள் 8 மீட்டர் நீளமும் ஆறு இழைகளும் கொண்டவை; 14 கவுண்டில் இரண்டு இழைகள் எடுப்பது வழக்கம் என்பதால், ஒரு வேலைக்கு எடுத்த பிறகு மிஞ்சும் நான்கு இழைகள் எங்கே போயின என்று தேடுவதிலேயே நேரம் போகும். ஒரே கருப்பு இரண்டு வேலைகளுக்கு வேண்டுமென்றால் இரண்டு கண்டுகள் வாங்கிவிடுகிறேன். கையால் சாயமேற்றிய நூலாக இருந்தால் ஒரு வேலைக்குத் தேவையான முழு அளவையும் முதலிலேயே வாங்கிவைக்க வேண்டும், அடுத்த சாயத் தொகுதி அதே நிறத்தில் வருமென்று எதிர்பார்க்க முடியாது.

கவுண்ட் மாறுவது கைக்குப் பிடிபட நேரமாகிறது. 18 கவுண்டில் 200 தையல் அகலப் படம் 11 அங்குலத்துக்குச் சற்றே அதிகமாக வரும், 14 கவுண்டில் அதுவே 14 அங்குலத்தைத் தாண்டும். அந்த வேறுபாட்டைக் கண் உணர்ந்து பழகுவதற்குள் துளை தவறுவது சாதாரணம். நுண்ணிய கட்டத் துணியிலிருந்து பெரிய கட்டத் துணிக்கு வருவதில் சிரமம் இல்லை. எதிர்த் திசையில் போகும் நாளில் ஓரமான, ஒரே நிறப் பகுதியில் தொடங்கி, கை பழகிய பிறகே முகம், எழுத்து போன்ற இடங்களுக்குப் போகிறேன்.

இத்தனைக்கும் பிறகு நான் கைக்கொண்டிருக்கும் ஏற்பாடு எளிமையானது. நீண்ட கால வேலைக்கு ஓர் உருளைச் சட்டம், மாறி மாறி வரும் நடுத்தர வேலைகளுக்கு இரண்டு கியூ-ஸ்னாப், பயணத்துக்கும் சிறு பரிசுகளுக்கும் நாடா சுற்றிய ஒரு மர வளையம். புதிய பேட்டர்ன் ஒன்று ஆசை காட்டும்போது, அதற்குச் சட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் துணியை வெட்டி, ஓரம் அடித்து, நூல்களை எடுத்து வைத்துப் பையில் போட்டுவிடுகிறேன், தைக்கத் தொடங்குவதில்லை. ஏதேனும் ஒன்று முடிந்து, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புப் போட்டு அலசி, தடித்த துண்டின் மேல் கவிழ்த்து இஸ்திரி போட்டு எடுத்து வைத்த அன்று மாலையே, அந்தப் பையிலிருந்து அடுத்த துணி காலியான சட்டத்தில் ஏறிவிடுகிறது.