பேட்டரி மாற்றப் போன கணினி, பாதி வேகத்தோடு திரும்பியது

நாலு வருடமாக ஒரே கணினிதான். ரைசன் 5 5600ஜி பிராசசர், 8 ஜிபி ரேம் ஸ்டிக் இரண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, லினக்ஸ் மட்டும். போன வாரம் மின்விசிறி சத்தம் போடுகிறது என்று பழுதுபார்க்கக் கொடுத்தேன். கூடவே போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றச் சொன்னேன், தேதி அடிக்கடி தவறிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த கணினி சத்தமில்லாமல் ஓடியது. ப்ரௌசர், மெயில் எல்லாம் வழக்கம்போல. சாயங்காலம் சூப்பர்டக்ஸ்கார்ட் விளையாட உட்கார்ந்த மகள்தான் கண்டுபிடித்தாள்: "அப்பா, வண்டி விட்டு விட்டு ஓடுது."

முதலில் டிரைவர் மேல்தான் சந்தேகம் வந்தது. மீசாவையும் (லினக்ஸின் கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பு) லினக்ஸின் மையமான கர்னலையும் பழைய பதிப்புக்கு மாற்றிப் பார்த்ததில் ஒரு மணி நேரம் போனது, பலனில்லை. அப்புறம்தான் டெர்மினலில், வன்பொருள் விவரங்களைக் காட்டும் டிஎம்ஐடீகோட் கட்டளையைப் போட்டு மெமரி பகுதியைப் பார்த்தேன். ஸ்டிக்கின் மேல் 3200 என்று ஒட்டியிருக்கிறது. ஆனால் ஓடும் வேகம் 2400 என்று காட்டியது. இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தால் இரண்டு ஸ்டிக்குக்கும் 'சேனல் ஏ' என்றே இருந்தது. சேனல் என்பது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவில் இருக்கும் பாதை, என் போர்டில் அப்படி இரண்டு உண்டு. மூடியைத் திறந்தேன். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில், அதாவது ஒரே சேனலில்! நான் வைத்திருந்தது இரண்டாவதிலும் நான்காவதிலும்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், தனி கார்டு இல்லாத கணினியில் கிராபிக்ஸுக்கென்று வேறு மெமரி கிடையாது. படம் வரைவதும் அதே ரேமில்தான், ப்ரௌசர் ஓடுவதும் அதே ரேமில்தான். டிடிஆர்4 3200 ஒரு சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி கொடுக்கும், இரண்டு சேனலில் 51.2. எனக்குத் திரும்பி வந்தது 2400, ஒரே சேனல், அதாவது 19.2. ரேமின் அளவு அதே 16 ஜிபிதான், பாதைதான் பாதிக்கும் கீழே போய்விட்டது. மெயில் படிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. விளையாட்டில் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும்.

பழுதுபார்த்தவர்கள் மேல் கோபம் வந்தது உண்மை. கழற்றினால் எந்த ஸ்லாட்டில் இருந்ததோ அதிலேயே மாட்ட வேண்டாமா? ஆனால் அவர்களைப் பொறுத்தவரை கணினி ஆன் ஆனது, 16 ஜிபி காட்டியது, வேலை முடிந்தது. மின்விசிறி வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

என் நிஜமான கோபம் போர்டு மேல். இந்த நாலு வருடத்தில் பயோஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த ஒவ்வொரு முறையும், ரேமை அதன் மேல் போட்டிருக்கும் வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பு தானாக அணைந்துவிட்டது. ஒரு முறை மின்சாரம் போய் வந்தபோதும் அப்படித்தான். பேட்டரியைக் கழற்றினால் அமைப்புகள் அழியும், அது புரிகிறது. ஆனால் வேகத்தைக் குறைத்துவிட்டு ஒரு வரி எச்சரிக்கைகூடத் திரையில் காட்டாமல் ஆன் ஆவது எந்த விதத்தில் நியாயம்? கணினியை வாங்கியவர் மாதக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டு, லினக்ஸில் கிராபிக்ஸ் மோசம் என்று முடிவு கட்டிவிடுவார்.

ஸ்டிக்குகளை இடம் மாற்றி, எக்ஸ்எம்பியைப் போட்டு, இரவு முழுக்க ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். பிழை இல்லை. 3600-க்கு ஏற்றும் முயற்சியை முன்பே செய்து பார்த்திருக்கிறேன், அப்போது மெம்டெஸ்ட் பிழைகளாகக் கொட்டியது. 3200 போதும்.

கிராபிக்ஸுக்கென்று பயோஸில் ஒதுக்கும் அளவும் 512 எம்பிக்குத் திரும்பியிருந்தது, 2 ஜிபி ஆக்கினேன். இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஒதுக்கியது போதாவிட்டால் ஏஎம்டி டிரைவர் ஜிடிடி என்ற ஏற்பாட்டின் வழியாகச் சாதாரண ரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒரே ரேம்தானே. ஒரு காலத்தில் 4 ஜிபி ஒதுக்கி வைத்திருந்தேன். வேகம் கூடவில்லை, மற்ற வேலைகளுக்கு ரேம் குறைந்து ஸ்வாப் (ரேமில் இடமில்லாததை டிஸ்குக்குத் தள்ளுவது) தொடங்கியதுதான் மிச்சம். விரேம் (கிராபிக்ஸுக்கு ஒதுக்கிய மெமரி) அளவைப் பார்த்துவிட்டுத் திறக்க மறுக்கும் சில விளையாட்டுகளுக்காகத்தான் 2 ஜிபி.

கர்னல் பக்கம் பலரும் முதலில் சொல்வது ஸ்வாப்பினஸை (ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்ற அளவு) 60-லிருந்து 10-க்கு இறக்கு என்பது. நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஃப்ரேம் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் பார்த்ததில்லை. நிஜமாக உதவியது இசட்ரேம். ரேமுக்குள்ளேயே சுருக்கி வைப்பதால் டிஸ்க் வரை போக வேண்டியதில்லை. அதோடு ஸ்வாப்பினஸை 180-க்கு ஏற்றி, பேஜ்-கிளஸ்டரை (ஸ்வாப்பிலிருந்து ஒரே தடவையில் எவ்வளவு படிப்பது என்ற அமைப்பு) 0 ஆக்கினேன். 5.8 கர்னலிலிருந்து ஸ்வாப்பினஸ் 200 வரை போகலாம், இந்த மாதிரி ஸ்வாப்புக்காகத்தான் அந்த உயரம். முப்பது டேப் திறந்திருக்கும்போது விளையாட்டுக்கு மாறினால் படம் ஒரு நொடி உறைந்து நிற்கும், அது நின்றுவிட்டது. சராசரி வேகம் கூடவில்லை, திக்கல் போனது. ஹைபர்னேட் (ரேமில் இருப்பதை டிஸ்கில் சேமித்துவிட்டுக் கணினியை அணைப்பது) பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் டிஸ்கில் தனி ஸ்வாப் வேண்டும்.

இப்போது ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் ரேம் வேகத்தையும் சேனலையும் பார்த்து, 3200-ம் இரண்டு சேனலும் இல்லாவிட்டால் திரையில் அறிவிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு வரிதான். போர்டு தயாரித்தவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

நண்பன் ஒருவன், தனி கார்டு இல்லாமல் இதே மாதிரி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறான். பிளெண்டர் மென்பொருளில் சின்ன 3டி மாடல்கள், படம் பார்ப்பது, மகளின் விளையாட்டுகள், எல்லாவற்றுக்கும் இந்த நாலு வருடம் தாராளமாகப் போதுமாக இருந்தது. சூடு குறைவு, டிரைவர் தொல்லை ஒரு நாளும் இல்லை. இருந்தும் அவனுக்கு இன்று காலை அனுப்பிய பதில்: வேண்டாம், கார்டு போட்டே வாங்கு, அதன் மெமரியை யாரும் கழற்றி மாற்றி மாட்ட முடியாது. மகள் பக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், துளி திணறல் இல்லை. ஆனாலும் அந்தப் பதிலை மாற்ற எனக்கு இன்னும் மனசு வரவில்லை.